மேஜர் வராத வீடு

2024 ஆகஸ்ட் கடைசி. காலையில் பல் தேய்த்துக்கொண்டே போனைப் பார்த்தால், கல்லூரியில் கூடப் படித்த மதுரைக்காரன் ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தான்: "மேஜர் போயிட்டாங்கடா." பக்கத்தில் நின்ற மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "யாரு, உங்க ஊர்ல மிலிட்டரியில இருந்தவரா?" என்றாள். இல்லை, ஜப்பானில் ஒரு குரல் என்றேன். அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் இந்த மாதிரி பதில்களுக்குப் பழகிவிட்டாள்.

அட்சுகோ தனகா. 'கோஸ்ட் இன் தி ஷெல்' என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தில் மேஜர் மோட்டோகோ குசநாகிக்குக் குரல் கொடுத்தவர். ஆகஸ்ட் 20 அன்று இறந்திருக்கிறார், வயது 61. அவர் முகத்தை அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தேடிப் பார்த்தேன்.

அந்த வார இறுதியில் ஊருக்குப் போகவேண்டியிருந்தது. மடிக்கணினியில் ஒரே ஒரு படத்தை ஏற்றிக்கொண்டு போனேன். எல்லோரும் கொண்டாடும் முதல் படத்தை அல்ல. பத்தொன்பது வருஷமாக நான் திட்டிக்கொண்டிருந்த இரண்டாம் படத்தை.

முதல் படத்தைப் பார்த்தது 2004-ல், காரைக்குடியில் பொறியியல் படிக்கும்போது. எங்கள் விடுதி வராந்தாவுக்கு மொத்தம் ஒரே கம்ப்யூட்டர். பாகம் பாகமாக வாங்கிக் கோத்தது, பக்கவாட்டு மூடி கிடையாது, உள்ளே மின்விசிறி ஓடுவது தெரியும். 1995-ல் வந்த படம், 82 நிமிடம்தான். அன்றிரவே இரண்டு தடவை பார்த்தோம். உடம்பு முழுக்க இயந்திரமாகிவிட்ட ஒரு போலீஸ்காரி, மண்டைக்குள் மிச்சமிருக்கும் துளி உயிர் தன்னுடையதுதானா என்று சந்தேகப்படுகிறாள். கடைசியில் கணினி வலையில் பிறந்த இன்னொரு உயிரோடு கலந்து, வேறொன்றாக ஆகிவிடுகிறாள். கூட வேலை பார்க்கும் பாட்டோ ஒரு சிறுமியின் உடம்பைத் தேடிப்பிடித்து அதில் அவளைப் பொருத்துகிறான். "வேண்டுமானால் இங்கேயே இரு" என்கிறான். அவள் இருப்பதில்லை. 2501 என்ற எண்ணை அடையாளச் சொல்லாக வைத்துக்கொண்டு பிரிகிறார்கள். நகரத்தைப் பார்த்தபடி அவள் நிற்பதோடு படம் முடியும்.

அந்தக் கடைசி நிற்பை ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் வரைந்து, லேப் அசிஸ்டண்டிடம் திட்டு வாங்கினேன். எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். அடுத்து அவள் எங்கே போனாள்?

2005-ல் இரண்டு சிடிகள் வந்து சேர்ந்தன. மேலே மார்க்கர் பேனாவில் பெரிதாக '2' என்று எழுதியிருந்தது. ஒன்பது பேர் ஓர் அறைக்குள். (படம் பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். வந்து இருபது வருஷமான படத்துக்கு இதற்கு மேல் ரகசியம் காக்க என்னால் ஆகாது.)

எங்களுக்குக் கிடைத்த பிரதியில் இருந்தது காது கேளாதவர்களுக்கான எழுத்து. வசனத்துக்கு நடுநடுவே 'ஹெலிகாப்டர் நெருங்குகிறது', 'காலடி ஓசை' என்றெல்லாம் ஆங்கிலத்தில் ஓடியது. "நமக்குக் காது நல்லாத்தானடா கேக்குது" என்றான் மதுரைக்காரன். பத்து நிமிடம் போனது. மேஜர் வரவில்லை. இருபது நிமிடம் போனது. பாட்டோ வீட்டுக்குப் போய் நாய்க்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தான். மதுரைக்காரன் எழுந்து சட்டையை மாட்டினான். "அவ வந்தா கூப்பிடு" என்று சொல்லிவிட்டுப் புரோட்டாக் கடைக்குப் போய்விட்டான். அவன் பின்னால் ஐந்து பேர் போனார்கள். மேஜர் சொந்தக் குரலில் சண்டைக்கு வந்து இறங்கும்போது படம் முடியக் கால்மணி நேரம் சொச்சம்தான் மிச்சம். கூப்பிட எனக்கு மனசு வரவில்லை. கோபத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கோபத்தில் பாதி, சிடி மேல் எழுதிய '2' செய்த வேலை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. 2004 மார்ச்சில் ஜப்பானில் வெளியானபோது படத்தின் பெயர் வெறும் 'இன்னொசென்ஸ்'. முதல் படத்தின் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. வெளிநாட்டுக்குப் போகும்போதுதான் பழைய பெயரையும் ஒரு '2'-ஐயும் முன்னால் ஒட்டினார்கள். இரண்டாம் பாகம் என்றால் அதே ஆள், அதே நடை, வில்லன் மட்டும் கொஞ்சம் பெரியவன் என்று பழகிய கண் நமக்கு. இயக்குநர் மமொரு ஓஷீயோ அவளில்லாத ஊரில் மிஞ்சிய ஒருவனைப் பற்றி எடுத்து வைத்திருந்தார். அந்த வருஷம் கேன்ஸ் விழாவில் போட்டிப் பிரிவில் இருந்த படமாக்கும் இது என்று ஒருமுறை மதுரைக்காரனிடம் சொல்லிப் பார்த்தேன். "கேன்ஸ்ல ஓட்டுனா தூக்கம் வராதா?" என்று கேட்டான்.

எண்ணைக் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாத குறைகளும் இருக்கின்றன. ஒன்று, பேச்சு. ஒருவன் கன்பூசியஸ் சொன்னதைச் சொல்வான், இன்னொருவன் பைபிள் வசனத்தால் பதில் சொல்வான், மூன்றாமவன் மில்டனோடு வருவான். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டு, சாம்பார் வாளியைக் கேட்டால் குறள் சொல்லும் பெரியப்பா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார் இல்லையா? இந்தப் படத்தில் துப்பறிபவர், பிணம் அறுப்பவர், குற்றவாளி எல்லோரும் அந்தப் பெரியப்பாதான். மூளையை வலையில் இணைத்துக்கொண்டவர்கள் இப்படித்தான் பேசுவார்கள், நினைவு வெளியில் கிடக்கிறது, வேண்டியபோது எடுத்து நீட்டுகிறார்கள் என்று இதற்கு ஒரு நியாயம் உண்டு. 2005-ல் எனக்கு அது சால்ஜாப்பாகப் பட்டது. குடும்ப வாட்ஸப் குழுவில் காலை ஆறு மணிக்கு யார் யாரோ சொன்ன பொன்மொழியை மட்டுமே அனுப்பும் மனிதர்களைப் பார்த்த பிறகு, ஓஷீ ஒன்றும் தப்பாகக் கணிக்கவில்லை என்று தோன்றுகிறது. ஆனால் கணிப்பு சரியாக இருப்பதும் படம் சலிக்காமல் இருப்பதும் வேறு வேறு. கொட்டிய மேற்கோள்களில் ஒன்றுதான் ஒட்டியது. காட்டு யானையைப் போல, ஆசை குறைத்துத் தனியே நட என்று வரும் புத்தர் வாக்கு. அது பாட்டோவின் உடம்புக்கும் அளவாக இருக்கிறது.

இன்னொரு குறை கண்ணுக்கு. மனிதர்களைக் கையால் வரைந்திருக்கிறார்கள், சுற்றியிருப்பதைக் கம்ப்யூட்டரில் செய்திருக்கிறார்கள். சில இடங்களில் இரண்டும் ஒட்டவே இல்லை. பாட்டோ நாய்த் தீனி வாங்கப் போகும் மளிகைக் கடை பளபளவென்று சுழல்கிறது, அவன் மட்டும் அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல் நிற்கிறான். சித்திரவேலை செய்த தேக்கு நிலைக்கு மேலே ஃப்ளெக்ஸ் பேனர் கட்டினால் எப்படி இருக்குமோ அப்படி.

இவ்வளவு திட்டியும் ஏன் எழுந்து போகவில்லை என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. காரணம், படத்தில் வரும் கிம்மின் வீடு.

அப்பாவுக்கு வேலை, ஊரில் ஒரு செட்டியார் வீட்டைப் பார்த்துக்கொள்வது. வீட்டுக்காரர்கள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருந்தார்கள். முன்னோர் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வருவார்கள். மற்ற நாளெல்லாம் வீடு எங்கள் கையில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு அப்பா கிளம்பினால் பின்னாலேயே நானும் போவேன். முன்தெருவில் நுழைந்தால் பின்தெருவில் போய் முடியும் வீடு. முகப்பு, நடுமுற்றம் உள்ள வளவு, இரண்டாங்கட்டு, அதற்கப்புறம் அடுப்படி. எல்லாக் கதவையும் திறந்துவிட்டால் தலைவாசலில் நின்றே கொல்லைப்புற வெளிச்சத்தைப் பார்க்கலாம். மூடிவிட்டால் எந்தக் கட்டில் நிற்கிறோம் என்பதே தெரியாது. ஒரே மாதிரி தூண், ஒரே மாதிரி கதவு, ஒரே மாதிரி பூட்டு. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும், அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும், வளவைச் சுற்றி ஓர் அறை. எல்லா அறையும் சாத்திக் கிடக்கும். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் கலந்து பூசி இழைத்த சுவரில் நம் உருவம் மங்கலாகக் கூடவே வரும். மேலே சாய்த்து மாட்டிய பெல்ஜியம் கண்ணாடியில் இன்னொரு உருவம். ஏழு வயதில் ஒருநாள் அப்பாவை விட்டு ஓடி, இரண்டாங்கட்டு என்று நினைத்துக் கதவைத் தள்ளினால் மறுபடி வளவிலேயே வந்து நின்றேன். இன்னொரு கதவு, மறுபடி வளவு. அப்பா வந்து தூக்கும்வரை அழுதுகொண்டிருந்தேனாம்.

படத்தில் பாட்டோவும் அவனோடு வேலை பார்க்கும் தொகுசாவும் கிம் என்பவனைத் தேடி வடக்கே ஒரு மாளிகைக்குப் போகிறார்கள். உள்ளே பொம்மைகள், கண்ணாடி, பளிங்கு. கிம் தன் உடம்பையே பொம்மையாக மாற்றிக்கொண்டு நாற்காலியில் கிடக்கிறான். பேசி முடித்தால் மறுபடி வாசலில் நிற்கிறார்கள். அதே படி, அதே கூடம். இந்த முறை நாற்காலியில் இருக்கும் பொம்மைக்குத் தொகுசாவின் முகம். மறுபடி வாசல். இப்போது பாட்டோவின் முகம். மூளைக்குள் புகுந்து வீட்டைச் சுற்றவிடுகிறான் கிம். "இதைத்தான் இப்பப் பாத்தோமே, சிடி கீறலா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். எனக்குக் கைமயிர் நட்டுக்கொண்டு நின்றது. அந்த வளையத்தைப் பாட்டோ கண்டுபிடிப்பது எப்படி என்றால், யாரோ அவனுக்காக அந்த வீட்டுக்குள் ஒரு குறிப்பை விட்டுவைத்திருக்கிறாள். யார் என்று அவன் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. படம் முழுக்க அவள் இல்லை என்று கத்திக்கொண்டிருந்த எனக்கு, அவள் அங்கே நின்றது அன்று தெரியவில்லை.

எங்கள் வீட்டில் (எங்கள் வீடு என்றே வாயில் வருகிறது, அப்பா கேட்டால் கண்டிப்பார்) இரண்டாங்கட்டுச் சுவரிலிருந்து பூப்போட்ட ஓடு ஒன்று ஒருமுறை கழன்று விழுந்தது. திருப்பிப் பார்த்தால் ஜப்பானில் செய்தது என்று ஆங்கிலத்தில் அச்சு. பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, ஜப்பான் ஓடு என்று கப்பலில் வந்து இறங்கிய பொருள்களுக்கு நடுவே, ஆள் மட்டும் இல்லாமல் ஒரு வீடு. 'இன்னொசென்ஸ்' பற்றி எனக்கு இருக்கும் புகாரை வேறு எப்படிச் சொல்ல? ஒவ்வொரு தூணையும் தடவிப் பார்க்கலாம். அடுப்புதான் எரியவில்லை.

படத்தில் வரும் ஊர்வலக் காட்சியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். பெரிய பெரிய யானைத் தேர்கள், முகமூடிகள், காகிதம் பறக்கும் வானம், இசையமைப்பாளர் கென்ஜி கவாயின் பெண்குரல் கூட்டம். கதைக்கு அதனால் ஒரு பைசா பிரயோசனம் இல்லை. எனக்கு அது எங்கள் பக்கத்துப் புரவி எடுப்பாகத்தான் தெரிந்தது. பிடிமண் கொடுத்து வேளாரிடம் சொல்லிவைப்பார்கள். அவர் குதிரை செய்து சூளையில் சுட்டு வைப்பார். எடுக்கிற நாளில்தான் கண் திறப்பு. அதுவரை மண். கண் திறந்துவிட்டால் அய்யனார் ஏறும் குதிரை, தோள் கொடுத்துத் தூக்கிப் போகவேண்டும். பெண்கள் போடும் குலவைக்கும் கவாயின் பாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் இரண்டும் வயிற்றுக்குள் போய் விழும் இடம் ஒன்றுதான். கொண்டுபோய்க் கோயில் காட்டில் நிறுத்திவிட்டு வந்துவிடுவோம். மழையில் காது விழும், கால் விழும். யாரும் ஒட்டவைப்பதும் இல்லை, உடைத்துப் போடுவதும் இல்லை.

பொம்மைக்கு உயிர் உண்டா என்று இந்தப் படம் நூறு நிமிடம் விவாதிப்பதைப் பார்க்கும்போது, எங்கள் வேளார் இதைக் கேட்டிருந்தால் வெற்றிலையைத் துப்பிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு இடத்தில் இன்றைக்கும் எனக்கு உடன்பாடு இல்லை. கதை இதுதான்: வீட்டில் வைத்துக்கொள்ளும் பெண் பொம்மைகள் வரிசையாக எஜமானர்களைக் கொல்கின்றன. கடத்தி வந்த குழந்தைகளின் உயிரை நகலெடுத்துத்தான் அவற்றுக்கு ஊற்றியிருக்கிறார்கள். உள்ளே அடைபட்ட ஒரு சிறுமி, யாராவது தேடி வரட்டும் என்பதற்காகப் பொம்மைகள் தறிகெட்டுப்போக வழிசெய்யப்பட்டது என்கிறாள். பாட்டோ அவள்மேல் எரிந்து விழுகிறான். செத்தவர்களை நினைத்தாயா, அந்தப் பொம்மைகளை நினைத்தாயா என்று. நான் பொம்மையாக விரும்பவில்லை என்று குழந்தை அலறுகிறது. பொம்மைகளுக்கு வாய் இருந்தால் மனிதராக விரும்பவில்லை என்று கத்தியிருக்கும் என்கிறாள் மேஜர்.

2005-ல் இதை ஆழம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். இப்போது எனக்கு ஒன்பது வயதில் மகள் இருக்கிறாள். பெட்டிக்குள் அடைபட்ட குழந்தை, கைக்கு எட்டியதை வைத்துக் கதவைத் தட்டுகிறது. அதனிடம் போய் நியாயம் பேசுகிறார்கள் இரண்டு பெரியவர்கள். படம் இங்கே தன் வாதத்தை ஜெயிக்கவைக்க ஒரு குழந்தையைத் தோற்கடிக்கிறது. மண்குதிரைக்குத் தோள் கொடுப்பவன்தான் நான், அதற்காகத் தேரடியில் தொலைந்த பிள்ளையைத் திட்டமாட்டேன்.

அந்த வார இறுதியில் பழைய வீட்டு முகப்பில் உட்கார்ந்துதான் படத்தைத் திரும்பப் பார்த்தேன். அப்பாவுக்கு இப்போது எழுபத்திநாலு. சாவிக் கொத்து கனக்கிறது என்கிறார், என்னிடம் கொடுக்கவும் மாட்டார். பங்காளிகள் பதினொரு பேர், விற்பதா வேண்டாமா என்பதில் பேச்சு நடக்கிறது. அதற்காகச் சென்னையிலிருந்து வீட்டுக்கார ஆச்சி வந்திருந்தார். எண்பத்தைந்து வயதிருக்கும். பேச்சில் அலுத்துப்போய் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னப்பா இது, பொம்மைப் படமா?"

"ஆமா ஆச்சி. ஜப்பான் படம்."

"ஜப்பானா? எங்க அப்பச்சி பர்மாவுலேருந்து நடந்தே வந்தாக, அவன் போட்ட குண்டுக்குப் பயந்து. நான் அப்ப கைப்பிள்ளை." கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, ஓட்டு."

பாட்டோ வீட்டுக்கு வருகிறான். விளக்கைப் போடுகிறான். காது தரையில் புரளும் அந்த பாசெட் நாய் ஓடி வருகிறது. (ஓஷீ தன் வீட்டில் வளர்த்த கேப்ரியல் என்ற நாயின் சாயல் அது. படத்திலேயே உயிரோடு தெரிவது அதுதான் என்பதில் அவர் ரசிகர்களுக்குள் சண்டை கிடையாது.) தட்டில் தீனி விழுகிறது. நாய் சாப்பிடுகிறது. அவசரமே இல்லாமல் அதையே காட்டுகிறார்கள். மதுரைக்காரன் சட்டையை மாட்டிய இடம்.

ஆச்சி முன்னால் குனிந்து பார்த்தார். பிறகு வந்த பேச்சையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தார். "இவ்வளவு பேர் இருக்காக, அந்த நாய்க்கு மட்டுந்தான் பசிக்குது" என்றார். "அது வந்தா கூப்பிடு."

உள்ளே மறுபடி பேச்சு தொடங்கியது. எனக்கு மேஜர் வரும் இடம் வரை பார்க்கவேண்டியிருந்தது. எங்கேயோ வானத்திலிருந்து தன்னில் ஒரு துளியை மட்டும் ஒரு பொம்மை உடம்புக்குள் இறக்கிக்கொண்டு வருகிறாள். முகம் அவளுடையது அல்ல. குரல்தான் அவளுடையது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் இறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. சண்டை முடிந்ததும் பாட்டோ தன் மேல்சட்டையைக் கழற்றி அந்தப் பொம்மையின் தோளில் போடுகிறான். முதல் படத்திலும் இப்படித்தான் அவளுக்குப் போர்த்துவான். இது அவள் உடம்பு அல்ல, கொஞ்ச நேரத்தில் காலியாகப் போகிற கூடு என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் போர்த்துகிறான். 2005-ல் இதைப் பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை. மேஜர் வந்து இருபது நிமிடம்கூட இல்லாமல் போகிறாளே என்ற ஆத்திரத்தில் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

நீ வலைக்குள் வரும்போதெல்லாம் நான் உன் பக்கத்தில் இருப்பேன் என்கிறாள். பொம்மை சரிந்து விழுகிறது. அங்கே ஒருமுறை நிறுத்திவிட்டுப் பின்னால் தள்ளி, அந்தக் குரலை மட்டும் மறுபடி கேட்டேன்.

மேற்கோள்கள் அப்படியே சலித்தன. கம்ப்யூட்டர் மளிகைக் கடை முன்னைவிட மோசமாகத் தெரிந்தது. அந்தச் சிறுமி விஷயத்தில் கோபம் கூடித்தான் இருக்கிறது.

கடைசியில் பாட்டோ, தொகுசா வீட்டில் விட்டுவைத்திருந்த நாயைக் கூட்டிப்போக வருகிறான். தொகுசா தன் மகளுக்கு வாங்கி வந்த பொம்மையைக் கொடுக்கிறான். குழந்தை அதைக் கட்டிக்கொள்கிறது. நாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாட்டோ அந்தப் பொம்மையைப் பார்க்கிறான்.

"ஆச்சி, நாய் வந்திருச்சு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தேன். பங்காளிகள் பேச்சில் அவருக்குக் கேட்கவில்லை. அப்பா வளவில் விளக்கேற்றிவிட்டு வந்து, "எந்த நாயிடா?" என்று வாசலைப் பார்த்தார்.

இரவு பஸ்ஸில் மதுரைக்காரனுக்கு எழுதினேன், ரெண்டாவது படத்தைத் திரும்பப் பார்த்தேன் என்று. பதில் உடனே வந்தது.

"அந்த நாய்க்குக் கடைசில ஒண்ணும் ஆகலையே?"